உட்கார முடியாத தனம்

வைத்திக்குப்பத்தில் தனம் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சோற்றைக்கூட நடந்துகொண்டேதான் தின்பாள். ஒரு கையில் தட்டு, வாசலுக்கும் அடுப்புக்கும் இடையே நடை, போகிற போக்கில் ஒரு வாய். அவளுடைய கல்யாணத்தில் தாலி ஏறுவதற்குள் மணையில் இப்படியும் அப்படியும் காலை மாற்றிப் போட்டதைப் பார்த்து, பெண்ணுக்கு இதில் சம்மதம் இல்லையோ என்று மாப்பிள்ளை வீட்டார் கிசுகிசுத்தார்கள். சம்மதத்துக்கு ஒன்றும் குறைவில்லை. காலுக்குத்தான் சம்மதமில்லை.

வயசுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு அப்படி. கெண்டைக்காலுக்குள்ளே, சதைக்கும் எலும்புக்கும் நடுவில், எறும்பு ஊர்கிற மாதிரி ஒன்று ஊரும். வலி கிடையாது. அரிப்பும் இல்லை, சொறிந்தால் போவதற்கு. எழுந்து நாலு எட்டு வைத்தால் அடங்கும், உட்கார்ந்தால் திரும்ப வரும். பொழுது சாயச் சாய அதிகமாகும். ஒருமுறை தன் அம்மாவிடம் சொன்னாள். அம்மா கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள். கயிறு இற்றுப்போன பிறகு தனம் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருக்கும், தனக்கு இது என்று விட்டுவிட்டாள்.

ஆனால் அது அவளை விடவில்லை. அவளுடைய மாமியார் ஆயம்மாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற வரிசையில் ஓர் இடம் இருந்தது. குப்பத்துப் பெண்கள் பலர் ஆசைப்படுகிற இடம். நிழலில் உட்கார்ந்த இடத்திலேயே வியாபாரம் நடக்கும், வாங்குகிறவர்கள் தேடி வருவார்கள். முழங்கால் வலி வந்ததும் ஆயம்மா அந்த இடத்தைத் தன் மூத்த மருமகளுக்குக் கொடுக்காமல் தனத்துக்குக் கொடுத்தாள். தனம் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தாள். மீனைவிட அதிகமாக அவள்தான் துள்ளினாள். பக்கத்துக்காரிகள் சிரித்தார்கள். எட்டாம் நாள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

“உக்காந்து பொழைக்கக் குடுத்து வைக்காதவ,” என்றாள் ஆயம்மா. அந்த இடம் ஓரகத்திக்குப் போனது. அதற்கப்புறம் ஆயம்மா செத்துப்போகிற வரைக்கும் தனத்திடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தனம் கூடையோடு சாரம் என்கிற பகுதிக்கு நடந்தாள். வருஷக் கணக்கில் நடந்தாள். சங்கரா யாருக்கு, நெத்திலி யாருக்கு, வெள்ளிக்கிழமை எந்த வீட்டில் கேட்கக்கூடாது என்பதெல்லாம் பழகிப்போனது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா என்று தெரு கூப்பிடுகிறவர் வீட்டில் பெரிய கொடுவாவாக எடுத்து வைக்கச் சொல்வார்கள். மில் மூடிய பிறகு எலெக்ட்ரிக் கடை வைத்த மதிவாணன் வீட்டில் எப்போதும் மலிவான கவலைமீன்தான். அவருடைய மகள் சுவேதா பாவாடை சட்டையில் ஓடிவந்து கூடைக்குள் எட்டிப் பார்த்ததிலிருந்து, பெரிய படிப்புப் படித்து ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்ததுவரை தனம் அந்த வாசலில் நின்றபடியே பார்த்திருந்தாள். “உக்காருங்கக்கா, தண்ணி குடிங்க” என்று அந்தப் பெண் சொல்லும். தனம் தண்ணீரை மட்டும் வாங்கிக்கொள்வாள்.

அதே சாரத்தில் ஒரு சந்துமுனையில்தான் பைக் வந்து மோதியது. கணுக்கால் உடைந்து, கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். கட்டுப்போட்ட காலோடு படுத்துக் கிடந்த அந்த மாதங்களை நினைத்தால் அவளுக்கு இப்போதும் மூச்சு முட்டும். வலியைப் பொறுத்துக்கொண்டாள். மாவுக்கட்டுக்குள் அசைக்க முடியாத காலில் ஊர்ந்த எறும்பைத்தான் பொறுக்க முடியவில்லை. சுவரில் பின்னந்தலையை இடித்துக்கொண்டாள். சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டு முடித்து வருகிற அவள் புருஷன் சிலம்பரசன், கட்டுப்போடாத இன்னொரு காலின் உதைக்குப் பயந்து வராண்டாவில் பாய் விரித்துப் படுத்தான். கால் கூடிய பிறகும் அவன் உள்ளே திரும்பி வரவில்லை. அவனையும் குறை சொல்வதற்கில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஆளுக்கு நிம்மதியான தூக்கம் என்று ஒன்று கிடையாது.

தலையில் சுமை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடை போன பிறகு நடப்பதற்குக் காரணம் இல்லாமல் போனது. காரணமில்லாமல் நடக்கிற பெண்ணைத் தெரு வேறு மாதிரி பார்க்கும். தனம் கடற்கரையோரம் படகுகளுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் சுவேதா வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். கோரிமேட்டுக்கு முன்னால், மெயின்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு தனியார் ஆய்வுக்கூடம். அங்கே எலிகளை வைத்துச் சோதனை செய்தார்கள். எலிக்கூண்டு கழுவி, தீனி வைத்து, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

“எலிக்குப் பயப்படுவீங்களாக்கா?”

“திருக்க மீன் முள்ளுக்கே பயந்ததில்ல, எலிக்கா பயப்படப்போறேன்.”

“இன்னொன்னும் இருக்கு. எலி ஓடும்போது பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்கணும். அசையாம உக்காரணும். அது முக்கியம்.”

தனம் ஒரு நொடி தயங்கினாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். வேறு வழி இல்லை.

வேலை இதுதான். ஓர் இருட்டறை. மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு. நடுவில் நீளமான மேசை, அதன்மேல் இரண்டு பக்கமும் விளிம்பு வைத்த மரப்பாதை. பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எலி ஓட வேண்டும். ஓடினால் அங்கே ஒரு சொட்டுத் தித்திப்புத் தண்ணீர் கிடைக்கும். எலியின் மண்டையில் ஆபரேஷன் செய்து முடியைவிட மெல்லிய கம்பிகளை வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு லேசான ஒயர் மேலே போய், கூரையில் தொங்கிய சக்கரத்தில் ஏறி, திரைக்கு அந்தப்பக்கம் சுவேதாவின் கம்ப்யூட்டருக்குப் போனது. ஒயர் முறுக்கிக்கொண்டால் எடுத்துவிடத்தான் தனம். மற்ற நேரமெல்லாம் மேசையை ஒட்டிய முக்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

வெள்ளையாகவும் இல்லாமல் கறுப்பாகவும் இல்லாமல், தலையில் மட்டும் குல்லா போட்ட மாதிரி கறுத்திருந்த ஓர் எலிக்கு அவள் ராஜா என்று பெயர் வைத்தாள். மற்றவை நின்று நிதானித்து ஓடும். ராஜா இறக்கிவிட்ட நொடியிலேயே கிளம்பிவிடும். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் வேலை முடிந்ததும் சுவேதா அவளைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைக் காட்டினாள். திரையில் அன்றைக்குப் பதிவான கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓடியது.

“இது ராஜாவோட மூளைக்குள்ள நடக்கிறதுக்கா. இங்க பாருங்க, சும்மா நிக்கிறப்ப எப்படி இருக்கு?”

“கிறுக்குன மாதிரி இருக்கு.”

“இப்ப ஓடுது. பாத்தீங்களா?”

கோடு சட்டென்று ஒழுங்குக்கு வந்தது. சீப்புப் பல் மாதிரி, ஒரே அளவில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக மேடும் பள்ளமும். எலி வேகமெடுத்தபோது பற்கள் உயர்ந்தன. நின்றதும் எல்லாம் மறுபடி கலைந்தது.

“கால் ஓடுறதுக்குத் தோதா மூளைக்குள்ள ஒரு தாளம் ஓடுது. நொடிக்கு ஏழெட்டுத் தட்டு. ஓட்டம் கூடுனா அதுவும் கூடும். எலிக்கு மட்டுமில்ல, பூனைக்கு, முயலுக்கு, நமக்கும்கூட இந்த மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. நான் தெரிஞ்சுக்க நெனைக்கிறது ஒன்னுதான். கால் கிளம்புறதால தாளம் வருதா, தாளம் வந்ததால கால் கிளம்புதா?”

தனம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தனக்குள்ளும் இப்படி ஒன்று ஓடுமா, தன் கோடு எப்போதாவது கலையுமா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

உட்காரும் வேலையை அவள் தன்னால் முடிந்த மட்டும் செய்தாள். முக்காலியின் விளிம்பைக் கைகளால் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பல்லைக் கடிப்பாள். எறும்பு ஊரத் தொடங்கியதும் கண்ணை ராஜாமேல் வைத்து, அது ஓடுகிற ஓட்டத்தைத் தன் ஓட்டமாக நினைத்துக்கொள்வாள். அப்படி நினைத்தால் ஊரல் கொஞ்சம் மட்டுப்பட்டது. மனசு அடக்கியதால் கால் அடங்குகிறது என்றே நம்பினாள். அந்தப் பெருமையைச் சிலம்பரசனிடம் சொல்லவும் செய்தாள். “பாரு, நான் உக்கார்றேன். முழுசா உக்கார்றேன்.” வராண்டாவிலிருந்து அவன் நம்பாமல் பார்த்தான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் சுவேதாவுக்கு ஒரு புது விஷயம் அகப்பட்டது. ராஜா பாதையின் முனையில் அசையாமல் நிற்கிறது. கேமராவில் பார்த்தால் மீசைகூட அசையவில்லை. ஆனாலும் கோட்டில் சீப்புப் பல் வருகிறது, ஓடும்போது வருகிற அளவுக்குத் தெளிவாக வருகிறது. கால் கிளம்புவதற்கு வெகு நேரத்துக்கு முன்பே தாளம் தொடங்கிவிடுகிறது என்றால் அவள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்த மாதிரி. அதற்கப்புறம் அந்தப் பெண்ணும் ஓரிடத்தில் நிற்கவில்லை. பேசிக்கொண்டே அறைக்குள் சுற்றினாள். ஆய்வுக்கூடத்தின் தலைவர் பேராசிரியர் அறிவுமதி இன்னும் கொஞ்சம் பதிவு எடுத்துப் பார்க்கச் சொன்னார். எடுத்தாள், எடுத்ததிலெல்லாம் வந்தது. பிரான்சில் ஒரு கருத்தரங்குக்கு எழுதிப் போட்டாள், வரச்சொல்லிவிட்டார்கள்.

“ராஜாதான்க்கா என்னைப் பிளேன் ஏத்துது,” என்றாள். அன்றைக்கு மதிவாணன் வீட்டிலிருந்து தனத்துக்கு ஜாங்கிரி வந்தது.

மாசி மகத்துக்குத் தனம் லீவு போட்டாள். வைத்திக்குப்பத்துக்கு அதுதான் பெரிய நாள். சுற்றுப்பட்ட ஊர்ச் சாமியெல்லாம் கடலாட வரும். கூட்டம் தாங்காது, வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்துவிடுவார்கள். அவள் இல்லாத நாட்களில் காவலாளி நாகராஜ் முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போகிற மனுஷர் அவர்.

திரும்பிப் போனபோது சுவேதாவின் முகம் சரியில்லை. ஒயரை மாற்றியிருந்தாள். கூரைச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தாள். பக்கத்து அறை ஏ.சி.யை நிறுத்தியிருந்தாள்.

“இன்னா பாப்பா?”

“நீங்க போனதிலேருந்து நின்னப்ப வர்ற தாளம் வரலக்கா. ஓடுறப்ப வருது, நிக்கிறப்ப சுத்தமா இல்ல. என்ன கெட்டுப்போச்சுன்னே தெரியல. உக்காருங்க, பாக்கலாம்.”

தனம் உட்கார்ந்தாள். ராஜா ஓடியது. முனையில் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து “வந்துடுச்சு” என்ற குரல் கேட்டது. அதில் சந்தோஷம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப்பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு சத்தமே இல்லை.

தனம் ராஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பின்னங்காலில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தது. அப்போது அவளுடைய வலது முழங்கால்மேல் ஒரு கை விழுந்தது. திடுக்கிட்டுத் திரும்பினாள். சுவேதா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஆட்டுங்கக்கா.”

“இன்னாது?”

“காலை. இப்ப ஆட்டிக்கிட்டு இருந்தீங்களே, அதே மாதிரி.”

“நானா? நான் ஆட்டலியே பாப்பா.”

சுவேதா எழுந்து போய்த் திரையை விலக்கி, கம்ப்யூட்டரை இருவருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள். “அங்க பாத்துக்கிட்டே ஆட்டுங்க.”

தனம் குனிந்து பார்த்தாள். தன்னுடைய பாதம் மேசைக்காலை ஒட்டி இருந்தது. குதிகாலைத் தூக்கி மெல்ல ஆட்டத் தொடங்கினாள். மேசை ஆடுவது கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே தொங்கிய ஒயர் மட்டும் கம்பி அதிர்கிற மாதிரி நடுங்கியது. கோட்டில் சீப்புப் பல் வரிசையாக வந்து நின்றது. காலை நிறுத்தினாள். கோடு கலைந்தது. மறுபடி ஆட்டினாள். வந்தது. ராஜா இவ்வளவு நேரமும் நகராமல் முகம் கழுவிக்கொண்டிருந்தது.

எலியின் தாளம் என்று இத்தனை நாளும் நினைத்தது அவளுடைய காலின் நடுக்கம்.

“அசையாம உக்காரணும்னு மொத நாளே சொன்னேன்ல.” சுவேதாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தனத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஆட்டுறது எனக்கே தெரியல பாப்பா.”

“தன் கால் ஆடுறது தனக்குத் தெரியாம எப்படிக்கா இருக்கும்?”

தனம் ராஜாவின் ஒயரை அவிழ்த்து, கூண்டில் விட்டு, தண்ணீர்ப் புட்டியைச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்தாள். கோரிமேட்டிலிருந்து பஸ் இருந்தது. அவள் ஏறவில்லை. தகடு வைத்த காலோடு அந்த வெயிலில் கடல்வரைக்கும் நடந்தாள். வீட்டுக்கு வந்தபோது கணுக்கால் வீங்கிச் செருப்பு கழலவில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. வீட்டில் நிலைகொள்ளாமல் அலைந்தாள். இப்போது புதிதாக ஒரு கெட்ட பழக்கம் சேர்ந்துகொண்டது, கால் ஆடுகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பது. ஆடிக்கொண்டுதான் இருந்தது. பல் விளக்கும்போதும் ஆடியது, டி.வி. முன்னால் நின்றபோதும் ஆடியது. இத்தனை வருஷமாகத் தன்னோடு இருந்த ஒன்றை அவள் இப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தாள். அடக்கிவிட்டேன் என்று புருஷனிடம் பெருமையடித்தது நினைவுக்கு வந்தபோதெல்லாம் கூசியது.

“அந்தப் பொண்ணு பொழப்பக் கெடுத்துட்டேன்,” என்றாள்.

சிலம்பரசன், “வேணும்னா பண்ணுன?” என்றான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். காலைப்பொழுதில் படகுகள் கரையேறிக்கொண்டிருந்த நேரம் சுவேதா வைத்திக்குப்பத்துக்கு வந்து நின்றாள். மணலில் நடந்து பழக்கமில்லாமல் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். தனம் வலைகளைத் தாண்டிக்கொண்டு எதிரே போனாள். இரண்டு பேரும் எங்கேயும் நிற்காமல் கரையோரமாக நடந்தார்கள்.

“சார்கிட்ட சொல்லிட்டேன்க்கா. பிரான்சுக்கு வரலன்னு எழுதிப் போட்டுட்டேன்.”

“சார் திட்டுனாரா?”

“போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே, அது போதும்னாரு.” சுவேதா செருப்பைக் கை மாற்றிப் பிடித்தாள். “எனக்குக் கோவம் வந்துச்சு. உங்கமேல வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அந்த ரூமுக்குள்ள ஒருதரம் எட்டிப் பாத்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும். எனக்கு வேண்டியது வந்துச்சு, அதனால எட்டிப் பாக்கல.”

தனம் அலை வந்த பக்கமாக ஒதுங்கி நடந்தாள்.

“ஆட்டுறது தெரியலன்னு சொன்னீங்க. அதுதான் மனசுல நின்னுடுச்சு. எதுக்குக்கா ஆட்டுறீங்க? உள்ள ஏதாவது பண்ணுதா?”

இந்தக் கேள்வியை இதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஏன் உட்காரமாட்டேன் என்கிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. உள்ளே என்ன பண்ணுகிறது என்று கேட்டவர்கள் இல்லை. தனம் எறும்பைப் பற்றிச் சொன்னாள். மணையைச் சொன்னாள், மார்க்கெட்டைச் சொன்னாள், மாவுக்கட்டைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தாள். சுவேதா ஓட்டமும் நடையுமாகக் கூடவே வந்தாள்.

“டாக்டர்கிட்ட போலாம்க்கா,” என்றாள் கடைசியில். “எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனா இதுக்கு ஒரு பேர் இருக்கும்னு தோணுது.”

பேர் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு சம்பந்தமான வெளிநோயாளிப் பிரிவில், விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருக்க, தனம் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே காத்திருந்தாள். சிலம்பரசனும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். உள்ளே இருந்த லேடி டாக்டர் நடுவயதுக்காரர். தனம் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்தவர் மாதிரி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். சாயங்காலத்துக்கு மேல் அதிகமாகிறதா, நடந்தால் குறைகிறதா, மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகுமா.

“தூக்கம் எப்படி?”

“நான் வராண்டாவுலதான் படுக்குறேன் டாக்டர்,” என்றான் சிலம்பரசன்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உடம்பில் இரும்புச் சத்து அடிமட்டத்தில் இருந்தது. கால் ஓய்ந்திருக்க விடாத ஒரு நோய் இது, உடம்பில் இரும்பு குறைந்தவர்கள் பலருக்கு வரும், மூளை காலுக்குச் சொல்கிற சேதியில் கோளாறு, மாத்திரையில் மட்டுப்படும், முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் விளக்கினார்.

“எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சேன்.”

“இன்னிக்குக் காலையிலேயே இதுக்காக இன்னொருத்தங்களும் வந்துட்டுப் போனாங்கம்மா.”

தனம் அழவில்லை. வெளியே வந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஒரு மாத்திரையில் அடங்குகிற சமாசாரத்துக்காக மாமியாரோடு பேச்சற்றுப் போயிருக்கிறாள். நிழலில் இருந்த இடத்தை விட்டுவிட்டு வெயிலில் கூடை சுமந்திருக்கிறாள். புருஷனை வாசலுக்கு விரட்டியிருக்கிறாள். கால் சும்மா இருந்திருந்தால் அந்தப் பைக்குக்கு முன்னால் அன்றைக்கு அவள் இருந்திருக்கவே மாட்டாள். மருந்துக் கவுண்டர் வரிசையில் நின்றபடி இதையெல்லாம் சிலம்பரசனிடம் கொட்டினாள். அவன் சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டான். பிறகு, “சரி, வரிசை நவுருது,” என்றான்.

மாத்திரை உடனே கேட்கவில்லை. வயிற்றைப் புரட்டியது. வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் தெரியாமல், நிறுத்திவிடலாமா என்று நினைத்திருந்த சமயத்தில் ஒரு சாயங்காலம், விளக்கு வைத்த பிறகும் ஊரல் வராததைக் கவனித்தாள். வரும் வரும் என்று காத்திருந்தாள். வழக்கத்தைவிட வெகுநேரம் கழித்து, லேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போயிருந்தாள். சுவேதா மேசைக்கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்து, முக்காலியைத் தள்ளிப் போட்டிருந்தாள். மேசை அதிர்ந்தால் காட்டிக்கொடுக்கிற கருவி ஒன்றையும் ஒட்டியிருந்தாள். எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. ராஜா ஓடியது, கோட்டில் சீப்புப் பல் வந்தது. நின்றது, கலைந்தது. கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், கண்ணிமைக்கிற நேரத்துக்கு, பல் தலைகாட்டியது. அவ்வளவுதான்.

“இது ஏற்கெனவே மத்தவங்க பாத்ததுதான்க்கா,” என்றாள் சுவேதா. சலிப்பு இருந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டாள். பிறகு, ராஜா தித்திப்பு குடித்துவிட்டு மூலையில் சுருண்டிருந்தபோது, கிறுக்கலின் நடுவே பொறி மாதிரி தெறித்த ஓர் இடத்தைக் காட்டினாள். “இது வேற. ஓஞ்சு இருக்கிறப்ப, ஓடுன வழிய மூளை உள்ளுக்குள்ளேயே இன்னொரு தரம் ஓடிப் பாக்குது. கால் அசையாது. ஆனா வழி முழுக்க வந்து போயிடும்.”

அதற்கடுத்த நாட்களில் ஒருநாள் முக்காலியில் உட்கார்ந்திருந்த தனத்துக்கு அதுபோல ஒன்று நடந்தது. கால் சும்மா இருந்தது. அவள் எதையும் அடக்கவில்லை, எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. சும்மா இருந்த அந்த நேரத்தில் சாரத்துத் தெருக்கள் தாமாக வந்தன. நாய் கட்டிய வீடு, படி உடைந்த வீடு, விலையைக் குறைத்துக் கேட்கிற பாக்யலட்சுமி, கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியே காசு நீட்டுகிறவள். அவற்றோடு அவள் கேட்காத ஒன்றும் வந்தது. சாவதற்கு முன்னால் ஆயம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையை நீட்டியதும், தான் ஒரு நிமிஷம்கூட அந்த ஸ்டூலில் உட்கார முடியாமல் வெளியே போய் நடந்ததும். கிழவி என்ன சொல்ல வந்தாளோ. தனம் இருட்டில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓய்ந்திருப்பதில் இப்படி ஒரு தொல்லை இருக்கிறது என்று இதுவரை அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு வேலை முடிந்ததும் எறும்பு இல்லாமலே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தாள்.

சோதனை முடிந்தால் எலியைக் கொன்று, கம்பி மூளையில் எங்கே இருந்தது என்று பார்ப்பார்கள். அது அவளுக்குத் தெரியும். எத்தனையோ மீனை உயிர் துடிக்க அறுத்த கை அவளுடையது. ராஜாவின் முறை வந்த அன்று கூண்டை அவளே அந்த அறை வாசல்வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். உள்ளே போகவில்லை. சுவேதாவின் கட்டுரை சின்னதாக ஒரு பத்திரிகையில் வந்தது. மேசையின் அதிர்வு எலியின் தாளத்தைப் போலவே தோற்றம் காட்டும், கவனம் என்று அதில் ஒரு பத்தி எழுதியிருந்தாள். தனத்தின் பெயரையும் போடட்டுமா என்று அவள் கேட்டபோது தனம் வேண்டாம் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலம்பரசன் ஓவர்டைம் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தான். கதவு திறந்திருந்தது. உள்ளே நடமாட்டச் சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தான். தனம் வெறுந்தரையில், ஃபேனுக்குக் கீழே, இரண்டு காலையும் நீட்டிப் படுத்திருந்தாள். அசைவே இல்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. டிபன் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவள் பாதத்தைப் பிடித்து உலுக்கினான்.

“தனம். ஏ தனம்.”

அவள் கண்ணைத் திறந்தாள். “இன்னா?”

அவன் பாதத்தை விடவில்லை. “கால் அசையல,” என்றான். “அதான் பயந்துட்டேன்.”

“மாத்திரை கேட்டுச்சுன்னா தூக்கத்துல அசையாதாம். டாக்டரம்மா சொன்னாங்கல்ல.” அவள் புரண்டு படுத்தாள். “சோறு அடுப்புமேல இருக்கு. போட்டுக்க.”

அவன் போட்டுக்கொள்ளவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வராண்டாவிலிருந்து பாயை எடுத்துவந்து அவள் பக்கத்தில் விரித்தான். கொஞ்சம் இடம் விட்டுத்தான் விரித்தான்.